எந்தத் திருகு வரை நாமே?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் சென்னை வீடுகளில் மரக்கதவு நிலையோடு இறுகிக்கொள்ளும். தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினால்தான் திறக்கும். அதே வாரம், அதே வீட்டுச் சுவரில் தொங்கும் கிடாரை எடுத்துப் பார்த்தால் இன்னொரு விந்தை. ஆகஸ்ட்டில் விரல் பட்டதும் படிந்த தந்தி, இப்போது அழுத்த அழுத்த வலிக்கிறது. கிடார் கீழே விழவில்லை. அதை யாரும் தொடவும் இல்லை. தந்தி மட்டும் எப்படியோ எழும்பி நிற்கிறது.

இந்த இடத்தில் கிடார் வைத்திருப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். ஒருவர் பத்து நிமிட வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு ஆலன் கீயைத் தேடுவார். மற்றவர் கிடாரை உறையில் போட்டுக் கடைக்கு எடுத்துச் செல்வார். இருவருமே ஒரு படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். கிடாருக்கு என்ன ஆயிற்று என்று இன்னும் தெரியாது. அது தெரிந்துவிட்டால், வேலை யாருடையது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் கிடாரே விடை சொல்லிவிடும்.

ஓர் ஆளின் எடை

எஃகுத் தந்தி பூட்டிய சாதாரண அக்குஸ்டிக் கிடாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமம். வளர்ந்த ஓர் ஆள் இரவும் பகலும் அதில் தொங்கிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளலாம். நைலான் தந்தி கிடாரில் இது ஏறக்குறைய பாதிதான்.

இந்த இழுவையைத் தாங்கும் உறுப்புகளின் பெயர்களை வீணையை வைத்துப் புரிந்துகொள்வது எளிது. வீணையின் மெட்டுதான் கிடாரில் ஃப்ரெட். வீணையின் குதிரை இங்கே பிரிட்ஜ். அந்தப் பிரிட்ஜின் மேல் தந்திகள் ஏறி உட்காரும் வெள்ளைத் துண்டு சேடில். மறுமுனையில், தலைக்குக் கீழே, தந்திகள் புகுந்து வரும் காடி வெட்டிய துண்டு நட். ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கடைக்காரர்கள் ஆக்‌ஷன் என்பார்கள்; இங்கே அதைத் தந்தி உயரம் என்றே சொல்லலாம்.

தந்திகள் இழுக்கும்போது கழுத்து முன்பக்கமாக வளையப் பார்க்கும். அதை எதிர்த்து நிற்க, கழுத்து மரத்துக்குள் ஓர் எஃகுக் கம்பி ஓடுகிறது. அதன் பெயர் ட்ரஸ் ராட். திருகி முறுக்கேற்றக்கூடிய இந்தக் கம்பிக்கு, கிப்ஸன் நிறுவனத்தில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹியூ 1921-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1923-ல் கிடைத்தது. புகழ்பெற்ற மார்ட்டின் நிறுவனமோ திருகக்கூடிய கம்பியை 1985-ல்தான் தன் கிடார்களில் வைக்கத் தொடங்கியது. அதுவரை அதன் கழுத்துகள் மரத்தின் வலுவையும் உள்ளே பதித்த திருக முடியாத கம்பியையுமே நம்பியிருந்தன.

மரம் நனையாமலே ஊறும்

கதவு இறுகுவதற்கும் தந்தி எழும்புவதற்கும் காரணம் ஒன்றே. வெட்டி, இழைத்து, மெருகு பூசிய பிறகும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொள்ளும். காற்று வறண்டால் திருப்பிக் கொடுத்துவிடும். ஈரம் ஏறும்போது மரம் நீளவாக்கில் அநேகமாக மாறுவதே இல்லை. இழைகளுக்குக் குறுக்காகத்தான் உப்பும்.

கிடாரின் முகப்பலகை மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான கனமுள்ள மெல்லிய ஸ்ப்ரூஸ் பலகை. அதன் ஓரங்கள் நாற்புறமும் ஒட்டப்பட்டிருக்கின்றன. குறுக்கே உப்பும் மரத்துக்குப் பக்கவாட்டில் நகர இடமில்லாததால் அது மேல்நோக்கிப் புடைக்கிறது. புடைப்பின் உச்சியில் பிரிட்ஜ் உட்கார்ந்திருக்கிறது. பிரிட்ஜ் ஏறினால் தந்தியும் ஏறுகிறது.

வறட்சியில் கதை தலைகீழ். ஏசி அறையிலேயே மாதக்கணக்கில் கிடந்த கிடாரில் முகப்பலகை உள்வாங்கும்; தந்தி தாழ்ந்து ஃப்ரெட்டில் உரசிக் கரகரக்கும். ஃப்ரெட்டுகள் பதிந்திருக்கும் விரற்பலகை சுருங்கும், உலோக ஃப்ரெட் சுருங்காது. அதனால் ஃப்ரெட் முனைகள் ஓரத்தில் துருத்திக்கொண்டு உள்ளங்கையைக் கீறும். இன்னும் வறண்டால் முகப்பலகை இழையோடு பிளந்துவிடும்.

கிடார் செய்பவர்கள் விரும்பும் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். நவம்பர் காலையில் சென்னைக் காற்று 80 சதவீதத்தைத் தாண்டுவது வழக்கம். ஆகவே மழைக்காலத்தில் எழும்பிய தந்திக்கு முதல் வைத்தியம் திருகாணியில் இல்லை. கிடாரைப் பெட்டிக்குள் வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சிலவும் மலிவான ஈரப்பதமானி ஒன்றும் கூட வைத்து மூடி, இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். இதற்கு நிபுணர் தேவையில்லை. ஆனால் நிபுணரும் முதலில் இதைத்தான் செய்வார்.

ஒரு கிடார், ஓர் எஃகு ஸ்கேல்

ஒரு கல்லூரி மாணவியிடம் அண்ணன் விட்டுச்சென்ற பழைய எஃகுத் தந்தி கிடார் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அரை மில்லிமீட்டர் கோடு போட்ட எஃகு ஸ்கேலை 12-ஆம் ஃப்ரெட் மேல் நிறுத்தித் தடித்த ஆறாம் தந்தியின் அடிப்பகுதி வரை அளக்கிறாள். 3.5 மி.மீ. காட்டுகிறது. இந்த வகைக் கிடாருக்கு 2.5 மி.மீ.யை ஒட்டி இருந்தால் வாசிக்கச் சுகம். ஆக, ஒரு மில்லிமீட்டர் அதிகம். கேட்பதற்குச் சிறிய அளவுதான். ஆனால் எல்லாத் தந்திகளையும் ஒரே விரலால் அழுத்தி பார் கார்டு பிடிப்பவருக்கு அது நன்றாகவே தெரியும்.

இரண்டு வாரம் பெட்டியில் வைத்துவிட்டு மறுபடி அளக்கிறாள். 3.2 மி.மீ. மழையின் பங்கு 0.3 மி.மீ. என்று தெரிந்துவிட்டது. மீதி 0.7-க்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

அடுத்து கழுத்தைப் பார்க்கிறாள். இறுக்கிய தந்தியைவிட நேரான கோடு வீட்டில் கிடைக்காது. எனவே தந்தியே அளவுகோல். ஆறாம் தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் 14-ஆம் ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, நடுவில் 7-ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும். இந்தக் குழிவு 0.15 முதல் 0.3 மி.மீ. வரை இருப்பது நல்லது, ஏனென்றால் அதிரும் தந்திக்கு நடுவில் கொஞ்சம் இடம் வேண்டும். தடித்த விசிட்டிங் கார்டின் கனம் ஏறத்தாழ 0.3 மி.மீ. மாணவியின் கிடாரில் அந்தக் கார்டு தாராளமாக நுழைந்து, மேலும் இடம் இருக்கிறது. குழிவு 0.5 மி.மீ. இருக்கலாம்.

இது ட்ரஸ் ராட்டின் வேலை. துளைக்குச் சரியாகப் பொருந்தும் ஆலன் கீயைப் போட்டு, வலப்பக்கமாகக் கால் சுற்று. அதற்கு மேல் அன்றைக்கு இல்லை. மரம் மெதுவாகத்தான் வழிக்கு வரும் என்பதால் மறுநாள் அளக்கிறாள்: குழிவு 0.25, தந்தி உயரம் 3.0.

இன்னும் அரை மில்லிமீட்டர் பாக்கி. அது சேடிலிலிருந்து வர வேண்டும். இங்கே பலரும் தவறுவார்கள். தந்தி அரை மில்லிமீட்டர் இறங்க வேண்டுமென்றால் சேடிலிலும் அரை மில்லிமீட்டர் தேய்த்தால் போதும் என்று நினைப்பார்கள். துணி உலர்த்தும் கொடிக்கயிற்றை நினைத்துப் பார்த்தால் கணக்குப் புரியும். கொடியின் ஒரு முனையை ஒரு சாண் இறக்கினால், நடுவில் அரைச் சாண்தான் இறங்கும். 12-ஆம் ஃப்ரெட் தந்தியின் சரிபாதியில் இருக்கிறது. ஆகவே அங்கே அரை மில்லிமீட்டர் இறங்க, சேடில் ஒரு முழு மில்லிமீட்டர் குறைய வேண்டும்.

பழைய சேடிலைத் தேய்க்காமல் அப்படியே எடுத்து வைத்துவிட்டு, அதே அளவில் புதிது ஒன்று வாங்குகிறாள். தட்டையான கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து, சேடிலின் அடிப்பக்கத்தை மட்டும் தேய்க்கிறாள். மேல்பக்க வளைவைத் தொடுவதில்லை. மாட்டிப் பார்த்தால் தந்தி உயரம் 2.5 மி.மீ. அதிகம் தேய்ந்துபோனாலும் நட்டம் ஒரு சேடில்தான். பழையது மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது.

அதே அளவு, வேறு விடை

இந்தக் கதையில் ஓர் எண்ணை மட்டும் மாற்றுவோம். பிரிட்ஜுக்கு மேலே தெரியும் சேடில் மாணவியின் கிடாரில் 3.5 மி.மீ. இருந்ததால் ஒன்றைக் குறைத்தாலும் தாராளமாக மீதி இருந்தது. பக்கத்து வீட்டுக் கிடாரில் அது வெறும் ஒரு மில்லிமீட்டர்தான். தந்தி உயரமும் குழிவும் அதே அளவு.

அங்கே சேடிலைக் குறைத்தால் அது பிரிட்ஜுக்குள்ளேயே மறைந்துவிடும். சேடில் மேல் ஏறி இறங்கும் தந்திக்குச் சரிவு இல்லாமல் போகும்; சேடிலை அழுத்தும் விசை குறையும்; நாதம் மெலியும். நீளமான ஸ்கேலை ஃப்ரெட்டுகளின் மேல் படுக்க வைத்துப் பிரிட்ஜ் வரை தள்ளினால் நோய் தெரியும். ஆரோக்கியமான கிடாரில் ஸ்கேலின் முனை பிரிட்ஜின் மேல் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும். இங்கே அது பிரிட்ஜின் நெற்றியில் இடிக்கிறது. பல ஆண்டு இழுவையில், உடலோடு கழுத்து சேரும் கோணமே மாறிவிட்டது.

இதற்கு நெக் ரீசெட் என்ற வேலை வேண்டும். பழைய முறையில் புறாவால் மூட்டுப் போட்டு ஒட்டிய கிடாரில், ஒரு ஃப்ரெட்டைப் பிடுங்கி, அந்தக் காடியில் சிறு துளை போட்டு, உள்ளே நீராவி செலுத்திப் பசையை இளக்கிக் கழுத்தைக் கழற்றுவார்கள். கழுத்தின் குதிகாலில் மரத்தை நூலளவு சீவிக் கோணத்தைத் திருத்தி, மறுபடி ஒட்டுவார்கள். டெய்லர் நிறுவனம் 1999-ல் கொண்டுவந்த புதிய கழுத்து அமைப்பில் இதற்குப் போல்ட்டைக் கழற்றிச் சிறு தகடுகளை மாற்றினால் போதும். ஒட்டிய மூட்டில் அந்த வசதி இல்லை. வீட்டில் நீராவியோடு விளையாடினால் மெருகு வெளுத்து, விரற்பலகை வெடித்து, கிடார் விறகாகும்.

3.2 என்ற ஒரே அளவு ஒரு வீட்டில் உப்புத்தாளிலும் இன்னொரு வீட்டில் பட்டறையிலும் போய் முடிகிறது. நடுவில் வித்தியாசம், ஸ்கேலை இன்னும் இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்ததுதான்.

திரும்பி வர வழி

மாணவி செய்த வேலைகளுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. காத்திருந்தது, கால் சுற்றுத் திருகியது, புதுச் சேடில் மாட்டியது: மூன்றையும் மறுநாளே பழையபடி ஆக்கிவிடலாம். தந்தி மாற்றுவது, வீணையில் பிருடை இருக்கும் இடத்தில், தந்தியை முறுக்கும் சாவியருகே ஆடும் திருகை இறுக்குவது, எலெக்ட்ரிக் கிடாரில் பிரிட்ஜின் சிறு திருகுகளால் சுருதி சரிபார்ப்பது எல்லாம் இந்த வகை. கை பழக வேண்டுமென்றால் இங்கே தொடங்கலாம்.

வீணை இந்த விஷயத்தில் தாராள மனசுக்காரி. அதன் 24 மெட்டுகளும் கரிய மெழுகில் பதிந்திருக்கின்றன. மெழுகை இளக்கி மெட்டை நகர்த்தி மறுபடி பதிக்கலாம். மேளம் கட்டுதல் என்று அதற்குப் பெயர். அப்படியிருந்தும் பெரும்பாலான வித்வான்கள் அதற்குத் தேர்ந்த கைவினைஞரைத்தான் அழைக்கிறார்கள். கிடாரின் ஃப்ரெட்டுக்கோ மெழுகு கிடையாது. மரத்தில் அறுத்த காடிக்குள் அடித்து இறக்கிய உலோகம் அது. ஒரு ஃப்ரெட்டை அரத்தால் சற்றே அதிகம் இழுத்துவிட்டால், மற்ற எல்லாவற்றையும் அந்த மட்டத்துக்கு இறக்க வேண்டும். நட்டின் காடியில் அரம் ஒரு நூல் ஆழம் போய்விட்டால், அந்தத் தந்தி அழுத்தாமலே கரகரக்கும். மண்ணைப் போட்டு நிரப்பிவிட முடியாது.

ட்ரஸ் ராட்டும் அளவோடு இருந்தால்தான் திரும்பி வரும் வேலை. இறுகி நிற்கும் திருகை வம்புக்கு இழுத்து, மரை மழுங்கினாலோ கம்பி அறுந்தாலோ, விரற்பலகையையே பெயர்த்தெடுக்க வேண்டிவரும். திருகு முரண்டு பிடித்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

பசைக்கு முதல் வாய்ப்புதான் நல்ல வாய்ப்பு

தலை முறிவது கிடார்களுக்கு நேரும் பெரிய விபத்து. கிப்ஸன் கிடார்களில் இது அடிக்கடி நடப்பதற்கு வடிவமே காரணம். தலை சுமார் 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும். ட்ரஸ் ராட்டின் திருகுக்காக அதே இடத்தில் மரம் குடையப்பட்டிருக்கும். ஒரே கட்டையில் செதுக்குவதால், சாய்ந்த பகுதியில் மர இழை குறுக்கே ஓடி முடிந்துவிடும். ஸ்டாண்டில் இருந்து பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தாலே போதும்.

முறிவு இழையோடு நீளமாக ஓடியிருந்தால், நல்ல மரப்பசை போட்டுக் கிளாம்பில் இறுக்கிய மூட்டு பக்கத்து மரத்தைவிட வலுவாக நிற்கும். குறுக்கே சட்டென்று முறிந்திருந்தால் பசைக்குப் பிடிமானம் குறைவு. உள்ளே மரத்துண்டு பதித்துத்தான் வலுவேற்ற வேண்டும். இரண்டிலும், புதிதாக முறிந்த இழைகள் பூட்டும் சாவியும்போல ஒன்றுக்குள் ஒன்று உட்காரும். பதற்றத்தில் யாராவது நொடியில் ஒட்டும் சூப்பர் க்ளூவை ஊற்றினால், அது இழைகளின் பொந்துகளை அடைத்துக்கொள்ளும். பிறகு வருபவர் அதைச் சுரண்ட வேண்டும். சுரண்டும்போது மரமும் போகும். பூட்டு இனி பழையபடி பொருந்தாது. பட்டறைக்காரர்களும் சூப்பர் க்ளூ வைத்திருக்கிறார்கள்தான். ஆனால் மெருகில் விழுந்த சிறு பெயர்ப்பு போன்ற வேலைகளுக்கு.

சாதாரண வெள்ளை மரப்பசைக்கு இன்னொரு பலவீனம் உண்டு. ஓயாத இழுவையில் அது கண்ணுக்குத் தெரியாமல் நழுவிக்கொண்டே இருக்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் இளகவும் செய்யும். பிரிட்ஜை அதனால் ஒட்டியவர், மே மாதத்தில் அது கிளம்பி நிற்பதைக் காணலாம். வயலின், கிடார் செய்பவர்கள் பலர் இன்றும் விலங்குத் தோலில் காய்ச்சிய பசையை விடாமல் வைத்திருக்கக் காரணம் இருக்கிறது. அது காய்ந்தால் நழுவாது. சூடும் ஈரமும் கொடுத்தால் மூட்டைச் சேதமில்லாமல் பிரிக்கலாம். ஐம்பது ஆண்டுக்குப் பின் வரும் பழுதுக்கும் வழி விட்டு ஒட்டுகிறார்கள்.

மின்சாரப் பக்கம் எல்லை இன்னும் தெளிவு. எலெக்ட்ரிக் கிடாருக்குள் ஓடுவது மிகச் சிறு மின்னழுத்தம். பிய்ந்துபோன ஜாக் ஒயரைப் பற்றவைத்துப் பழகுவதில் உயிருக்கு ஆபத்தில்லை. வால்வு ஆம்ப்ளிஃபையர் அப்படியில்லை. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் பல நூறு வோல்ட் தங்கியிருக்கலாம். அதைத் திறக்கும் வேலை முழுக்க முழுக்கப் பயிற்சி பெற்றவருடையது.

நிபுணருக்குக் கொடுப்பது எதற்கான கூலி?

கருவிகளுக்கு என்று ஒரு பதில் உண்டு. அது பாதி உண்மை. காடி அளவுக்கு ஒன்றாக நட் அரங்கள், மட்டம் பார்க்கும் நீள விளிம்புகள், தனி வடிவக் கிளாம்புகள் எல்லாம் ஒரே ஒரு வேலைக்காக வாங்கினால் கூலியைத் தாண்டிவிடும். மீதிப் பாதி, எதைத் தொடக்கூடாது என்ற அறிவு.

அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சனின் ‘ட்ரிகர்’ இதற்கு நல்ல சாட்சி. 1969-ல் அவர் கைக்கு வந்த மார்ட்டின் என்-20 கிளாசிக்கல் கிடார் அது. விரலால் மீட்டச் செய்த கருவியில் முகப்பலகையைக் காக்கும் தகடு கிடையாது. அவரோ பிக் வைத்து வாசித்தார். ஆண்டுக்கணக்கில் கீறிக் கீறி முகப்பலகையில் பெரிய ஓட்டை விழுந்துவிட்டது. ஆஸ்டின் நகரத்துக் கைவினைஞர் மார்க் எர்ல்வைன் பல பத்தாண்டுகளாக அதைப் பராமரிக்கிறார். உட்புறத்துக்கு வலுவூட்டினார்; மெருகைக் காத்தார்; ஓட்டையை மட்டும் அடைக்கவில்லை. அந்தக் கிடாரின் நாதம் அந்த ஓட்டையோடு சேர்ந்துதான்.

எதிர்த் திசையிலிருந்து ஒரு சாட்சி பிரையன் மே. குவீன் குழுவின் கிடாரிஸ்ட்டான இவர் 1963-ல், 16 வயதில், மின்னணுப் பொறியாளரான தந்தை ஹரால்டோடு சேர்ந்து தன் ‘ரெட் ஸ்பெஷல்’ கிடாரை வீட்டிலேயே செய்யத் தொடங்கினார். கழுத்துக்குப் பழைய கணப்பு ஒன்றின் மரம், நடுக்கக் கருவிக்கு மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங், கைப்பிடி முனைக்குப் பின்னல் ஊசி. ஒவ்வொரு ஆணியும் அவருக்குத் தெரிந்த கிடார். முப்பது ஆண்டுக்கு மேல் மேடைகளில் அடிபட்ட பின் 1998-ல் அதைப் புதுப்பிக்க வேண்டி வந்தபோது, ஆஸ்திரேலியக் கைவினைஞர் கிரெக் ஃப்ரையரிடம் கொடுத்தார். ஃப்ரையர் அதற்கு முன்பே அந்தக் கிடாரை அளந்து நகல்கள் செய்து கை பழகியிருந்தவர்.

கடைக்குப் போகுமுன் ஒரு துண்டுச் சீட்டு

கிடாரின் மதிப்பும் கணக்கில் சேரும். விலை மலிந்த பழைய கிடாருக்கு நெக் ரீசெட் செய்தால் கூலி கிடாரின் விலையையே மிஞ்சக்கூடும். அத்தகைய கிடாரை நட் வெட்டவும் ஃப்ரெட் தேய்க்கவும் பழகும் பலகையாக வைத்துக்கொள்ளலாம். தாத்தா வாசித்த கிடாரை அப்படி வைத்துக்கொள்ள முடியாது.

எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும், அதற்குமுன் ஒரு சீட்டில் ஐந்து எண்களை எழுதுங்கள்: அறையின் ஈரப்பதம், 12-ஆம் ஃப்ரெட்டில் முதல் தந்தியின் உயரம், ஆறாம் தந்தியின் உயரம், 7-ஆம் ஃப்ரெட்டில் குழிவு, பிரிட்ஜுக்கு மேலே தெரியும் சேடிலின் உயரம். பக்கத்தில் தேதியையும் போடுங்கள். அளந்து முடிக்கப் பத்து நிமிடம் ஆகாது. வேலையை நீங்களே செய்தால், தவறினால் எங்கே திரும்பி வர வேண்டும் என்பதை அந்தச் சீட்டு காட்டும். கடைக்குக் கொண்டுபோனால், ‘என்னவோ சரியில்லை’ என்று சொல்வதற்குப் பதிலாக அதை நீட்டலாம். அடுத்த ஐப்பசியில் தந்தி மறுபடி எழும்பும்போதும் முதலில் தேட வேண்டியது அந்தச் சீட்டைத்தான்.